எபேசியர் 5:25ஐ நாம் எப்போது வாசிக்கப்போகிறோம்?

குத்தாலம் விவசாயி (இழை தொடங்கியவர்)

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எந்தச் சபை, எந்தத் திருச்சபை என்ற பேதமில்லாமல் நம் டெல்டாக் கணவர்களிடம் பேசவேண்டும் என்று வெகுநாளாக மனதில் கிடந்த விஷயம் இது. பெண்களும் தாராளமாக எழுதுங்கள். நீங்கள் பேசாமல் நாங்களே பேசிக்கொண்டால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

எங்கள் பக்கம் கல்யாண ஆராதனை என்றால் அப்போஸ்தலர் பவுல் எபேசு சபைக்கு எழுதின கடிதத்தின், அதாவது எபேசியரின், ஐந்தாம் அதிகாரம் கட்டாயம் உண்டு. "மனைவிகளே, கர்த்தருக்குக் கீழ்ப்படிகிறதுபோல, உங்கள் சொந்தப் புருஷருக்குக் கீழ்ப்படியுங்கள்" என்று வாசித்ததும் பெரியவர்கள் தலையாட்டுவார்கள். பெண்ணைப் பெற்றவர் பெண்ணை ஒரு பார்வை பார்ப்பார். பிரசங்கமும் அந்த வசனத்தையே சுற்றிச் சுற்றி வரும். மாப்பிள்ளை பக்கம் திரும்புவதற்குள் பந்திக்கு நேரமாகிவிடும்.

அந்தப் பகுதியை நிதானமாக வாசித்துப் பாருங்கள். மனைவிகளுக்கு எழுதியது 22 முதல் 24 வரை, மூன்றே வசனம். 25இல் "புருஷர்களே, உங்கள் மனைவிகளில் அன்புகூருங்கள்" என்று ஆரம்பித்தவர், 33ஆம் வசனத்தில் அதிகாரம் முடிகிற வரைக்கும் நம்மை விடுவதாக இல்லை. இதற்கெல்லாம் முன்னால் 21ஆம் வசனம் இருக்கிறது: "தெய்வபயத்தோடே ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள்." அது இரண்டு பேருக்கும் சேர்த்துச் சொன்னது.

பவுல் யாருக்கு நடுவில் உட்கார்ந்து இதை எழுதினார் என்பதையும் யோசிக்கவேண்டும். ரோமர் வீட்டில் குடும்பத் தலைவன் வைத்ததுதான் சட்டம். அவருக்குப் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே அரிஸ்டாட்டில் குடும்ப நிர்வாகத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். மனைவி, பிள்ளை, அடிமை மூவரையும் வீட்டு எஜமான் எப்படி ஆளவேண்டும் என்பதுதான் அதில் பேச்சு. பவுலும் அதே மூன்று உறவுகளை வரிசையாக எடுக்கிறார். ஆனால் கணவனிடம் "ஆளு" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்புகூரு என்கிறார், அதற்கு அளவாகக் கிறிஸ்து தம்மையே ஒப்புக்கொடுத்ததை வைக்கிறார். கொலோசெயர் 3:19ஐப் பாருங்கள், அங்கேயும் அன்புகூருங்கள், கசந்துகொள்ளாதிருங்கள் என்றுதான் இருக்கிறது. 1 பேதுரு 3:7இல் விவேகத்தோடு வாழுங்கள், செய்யவேண்டிய கனத்தைச் செய்யுங்கள் என்று இருக்கிறது. மூன்று இடத்திலும் கணவனுக்கு ஆளச் சொல்லிக் கட்டளை கிடையாது.

புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் அச்சாகி முடிந்தது 1715இல், தரங்கம்பாடியில். இங்கிருந்து பஸ் ஏறினால் போய்விடலாம். அதைத் தமிழாக்கிய ஜெர்மன் மிஷனெரி சீகன்பால்கு கப்பலில் வந்து இறங்கியது 1706. முந்நூறு வருஷத்துக்கு மேல் இந்த வசனம் நம் மண்ணில், நம் மொழியில் இருக்கிறது. வாசிக்கக் கிடைக்கவில்லை என்று நாம் சொல்ல முடியாது.

சரி, அன்பு என்றால் நம் வீட்டில் அது எப்படி இருக்கும்? எனக்குத் தெரிந்ததிலிருந்து ஒன்று சொல்கிறேன். ஜூன் 12இல் மேட்டூர் அணை திறக்கிறார்கள் என்று பேச்சு வந்தவுடனே எங்கள் ஊரில் பீரோ கதவும் திறக்கும். விதைநெல், உழவுக் கூலி, நடவுக் கூலி, உரம் எல்லாவற்றுக்கும் கையில் பணம் வேண்டும். வீட்டுக்காரம்மாவின் வளையலும் சங்கிலியும் கூட்டுறவுச் சங்கத்துக்கோ வங்கிக்கோ போகும். அது அவள் தாய்வீட்டில் போட்டுவிட்டது. "வளையலை எடு, சங்கத்துக்குப் போகணும்" என்று வாசலில் வண்டியை உதைத்துக்கொண்டே சொல்கிற வீடுகள்தான் அதிகம். கேட்கிற வழக்கமே கிடையாது.

கேட்பது என்றால் உட்கார்ந்து கேட்கவேண்டும். எத்தனை மா நடப்போகிறோம், எவ்வளவு செலவு, கையில் எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு குறைகிறது, அறுப்பு முடிந்து கொள்முதல் நிலையத்தில் பணம் ஏறினால் முதலில் மீட்பது நகையா வேறு கடனா, இதையெல்லாம் நோட்டில் எழுதி அவள் முன்னால் வைக்கவேண்டும். அவள் "இந்த வருஷம் வேண்டாம், பாதி நிலத்தில் உளுந்து போடலாம்" என்று சொன்னால் அதையும் கணக்கில் எடுக்கவேண்டும். நீதிமொழிகள் 31ஐ அன்னையர் தினத்துக்கு வாசித்து, குணசாலியான ஸ்திரீ என்று மாலை போடுகிறோம். அதன் கடைசி வசனம் "அவளுடைய கைகளின் பலனை அவளுக்குக் கொடுங்கள்" என்கிறது. அது புருஷனுக்கும் ஊருக்கும் சொன்னது.

இங்கிருந்து தொடங்குவோம். உங்கள் வீட்டில் விசுவாசம் எந்த இடத்தில் கணவனைத் தொடுகிறது? எங்கே தொடாமல் போகிறது?

வெண்ணாற்றங்கரை

அண்ணே, நல்ல விஷயம்தான். ஆனால் ஒரு பக்கமாகச் சாய்கிறீர்களோ என்று தோன்றுகிறது. "புருஷனும் மனைவிக்குத் தலையாயிருக்கிறான்" என்று 23ஆம் வசனத்தில் தெளிவாக இருக்கிறது. ஆதியாகமம் 3:16இல் "அவன் உன்னை ஆண்டுகொள்ளுவான்" என்று தேவனே சொல்லியிருக்கிறார். சபைக் கண்காணி "தன் சொந்தக் குடும்பத்தை நன்றாய் நடத்துகிறவனாக" இருக்கவேண்டும் என்று தீமோத்தேயுவுக்கு எழுதியதும் அதே பவுல்தான். ஒரு வீட்டுக்கு முடிவு எடுக்க ஒரு ஆள் வேண்டாமா? இந்தக் காலத்துப் பிள்ளைகள் எடுத்ததற்கெல்லாம் எதிர்த்துப் பேசுகிறார்கள். அதையும் சேர்த்துப் பேசவேண்டும்.

வடவாறு

நான் வயல் வேலைக்குப் போகிற குடும்பத்தில் பிறந்தவள். என் அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கோயிலில் யாராவது வாசித்தால் கேட்டுக்கொள்வார், அவ்வளவுதான்.

நடவு சமயத்தில் அம்மாவுக்குக் கால் விரல் இடுக்கெல்லாம் சேற்றுப்புண் வந்துவிடும். நாள் முழுக்கச் சேற்றுத் தண்ணீரில் நின்றால் யாருக்கும் வரும். சாயங்காலம் வந்து அம்மா அடுப்பு பற்றவைப்பதற்கு முன்னால் அப்பா வெந்நீர் போட்டு வைத்திருப்பார். அம்மா திண்ணையில் உட்கார, அவர் கீழே உட்கார்ந்து காலைக் கழுவி, விரல் விரலாகத் துணியால் ஒற்றுவார். விரல் இடுக்கில் ஈரம் நின்றால் புண் ஆறாது. அப்புறம் அரைத்த மருதாணியை வைத்துக் கட்டுவார். தெருவில் போகிறவர்கள் பார்ப்பார்கள். ஒரு சித்தப்பா கேலிகூடச் செய்தார். அப்பா, "பெரிய வியாழக்கிழமை சாமியாரே பன்னிரண்டு பேருக்குக் கழுவுறார், நான் ஒருத்திக்குக் கழுவினா என்ன" என்றார். அதற்குமேல் அவர் அதைப் பற்றிப் பேசியதில்லை.

இயேசு சீஷர்களின் காலைக் கழுவுகிற யோவான் 13ஐ எங்கே வாசிக்கக் கேட்டாலும் எனக்கு அந்தத் திண்ணைதான் தெரியும்.

தரங்கை உபதேசியார்

வெண்ணாற்றங்கரைத் தம்பிக்கு. வசனத்தைக் காட்டிக் கேட்டீர்கள், வசனத்தைக் காட்டியே சொல்கிறேன்.

ஆதியாகமம் 3:16 எந்த இடத்தில் வருகிறது? பாவம் உள்ளே நுழைந்த பிறகு, உலகம் எப்படிக் கெட்டுப்போகும் என்று தேவன் சொல்கிற இடத்தில். இரண்டு வசனம் தள்ளி 18இல் "அது உனக்கு முள்ளும் குருக்கும் முளைப்பிக்கும்" என்று நிலத்தைப் பற்றி அதே மூச்சில் சொல்கிறார். நாம் டெல்டாக்காரர்கள். களை முளைக்கும் என்று வேதத்தில் இருக்கிறதே என்று யாராவது களை எடுக்காமல் விட்டிருக்கிறோமா? ஆண்டுகொள்ளுதலும் அந்த வயலில் முளைத்ததுதான்.

தலை என்ற வசனத்தை நானும் தள்ளவில்லை. ஆனால் "கிறிஸ்து சபைக்குத் தலையாயிருக்கிறதுபோல" என்பதோடு சேர்ந்துதான் அது வருகிறது. அவர் எப்படித் தலையாக இருந்தார்? சீஷர்களில் யார் பெரியவன் என்று சண்டை வந்தபோது, புறஜாதியாருடைய ராஜாக்கள் ஆளுகிறார்கள், உங்களுக்குள்ளே அப்படியிருக்கக்கூடாது என்றார். லூக்கா 22ஐப் பாருங்கள். அந்தத் தலைமையை நீங்கள் எடுத்துக்கொள்வதாக இருந்தால் வீட்டில் ஒருவரும் தடுக்கமாட்டார்கள்.

ஊழியத்தில் இருந்த காலத்தில் புருஷன் பெண்சாதி பஞ்சாயத்து நிறையப் பார்த்திருக்கிறேன். "ஐயா, அவளைக் கீழ்ப்படியச் சொல்லுங்க" என்று வந்து நிற்கிற ஆணிடம் நான் 22ஆம் வசனத்தை எடுக்கவே மாட்டேன். அது அவனுக்கு எழுதின கடிதம் இல்லை. அடுத்தவர் பேருக்கு வந்த கடிதத்தைப் பிரித்து வாசித்து, அவர் அதன்படி நடக்கிறாரா என்று காவல் காப்பது நம் வேலை இல்லை. நம் பேருக்கு வந்தது 25.

வெண்ணாற்றங்கரை

ஐயா, லூக்கா 22ஐ இந்த விஷயத்தோடு சேர்த்து நான் யோசித்ததில்லை. ஏற்றுக்கொள்கிறேன். ஆனாலும் ஒன்று. "மனைவியும் புருஷனிடத்தில் பயபக்தியாயிருக்கக்கடவள்" என்று 33 முடிகிறதே. மனைவி மதிக்காத வீட்டில் கணவன் மட்டும் அன்புகூர்ந்துகொண்டே இருக்கமுடியுமா? நான் வாதத்துக்குக் கேட்கவில்லை, இப்படி ஒரு வீட்டை எனக்குத் தெரியும்.

பூண்டி டீச்சர்

தம்பி, நான் கத்தோலிக்கப் பெண். எங்கள் பூசையில் கல்யாண வாக்குறுதி நேராக இருக்கும். "இன்பத்திலும் துன்பத்திலும், உடல்நலத்திலும் நோயிலும் நான் உனக்குப் பிரமாணிக்கமாயிருந்து, என் வாழ்நாளெல்லாம் உன்னை நேசிக்கவும் மதிக்கவும் வாக்களிக்கிறேன்" என்று இரண்டு பேரும் ஒரே வார்த்தையைத்தான் சொல்கிறார்கள். "நீ மதித்தால்" என்று அதில் எங்கேயும் இல்லை. ஆணும் "மதிக்கவும்" என்று சொல்கிறான் என்பதைக் கவனியுங்கள். மரியாதை பெண் மட்டும் கட்டவேண்டிய வரி இல்லை.

நான்காம் நூற்றாண்டில் புனித யோவான் கிறிசோஸ்தோம் இதே எபேசியர் பகுதிக்குப் பிரசங்கம் செய்திருக்கிறார். அவரும் பெண் கீழ்ப்படியவேண்டும் என்கிற காலத்து மனிதர்தான். ஆனால் கணவனைக் கண்டு மனைவி நடுங்குகிற வீடு என்ன கல்யாணம் என்று கேட்கிறார். பயமுறுத்தி வேலைக்காரனைக்கூட நிறுத்திவைக்க முடியாது, அவனே ஓடிவிடுவான். வாழ்க்கைத் துணையை அப்படிக் கட்டிவைக்கலாமா என்கிறார். நம் காலத்தில் பிரான்சிஸ் பாப்பரசர் 2016இல் குடும்பத்தைப் பற்றி எழுதிய மடலில், வாயாலும் கையாலும் படுக்கையிலும் பெண்ணுக்கு நடக்கிற வன்முறை திருமணத்தின் இயல்புக்கே விரோதம் என்று எழுதியிருக்கிறார். தயவுசெய்து, நன்றி, மன்னித்துக்கொள் என்ற மூன்று வார்த்தையும் வீட்டில் இருக்கவேண்டும் என்று அவர் திரும்பத் திரும்பச் சொல்லிவந்தார். நம் ஊர் ஆண்கள் நன்றியை மேடையில் சொல்வார்கள், சோறு போட்ட கைக்குச் சொல்லமாட்டார்கள்.

நீங்கள் சொன்ன அந்த வீட்டைப் பற்றி எனக்குத் தெரியாது. ஆனால் பொதுவாக ஒன்று சொல்கிறேன். கொலோசெயரில் "கசந்துகொள்ளாதிருங்கள்" என்று ஏன் ஆண்களுக்குச் சொன்னார்? பேச்சை நிறுத்துவது இருக்கிறதே, அதுதான் கசப்பு. ஒரு சின்ன வார்த்தைக்கு வாரக்கணக்கில் பேசாமல், பிள்ளையை விட்டு "உங்கம்மாவைச் சோறு போடச் சொல்லு" என்பது. தட்டை நகர்த்தும் சத்தத்தை வைத்தே அவள் அன்றைய கோபத்தை அளக்கவேண்டும். அடிக்கவில்லை, குடிக்கவில்லை, ஆகவே நான் நல்ல கணவன் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இந்த இடத்தைப் பாருங்கள். இந்த மௌனத்தில் இருக்கிற பெண் மதிக்கவில்லை என்று சொன்னால், அவள் மதிக்க எந்தக் கதவு திறந்திருக்கிறது?

சிங்கப்பூர் மன்னார்குடி

வணக்கம். இரண்டு நாளாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு ஒரு கேள்வி.

லீவு முடிவதற்குள் கல்யாணம் முடிந்து, உடனே இங்கே திரும்பிவிட்டேன். மனைவி எங்கள் வீட்டில் அம்மாவோடு இருக்கிறாள். சம்பளம் முன்பிருந்தே அம்மா கணக்குக்குத்தான் அனுப்புவேன், இப்பவும் அப்படித்தான். போனில் அவள் ஒன்றும் குறை சொல்லமாட்டாள். ஆனால் போன மாதம் அவள் தங்கை ஊருக்கு வந்தபோது, பஸ்ஸுக்கு அத்தையிடம் காசு கேட்கக் கூச்சமாக இருந்தது என்று மட்டும் சொன்னாள். அம்மா என்னைத் தனியாக வளர்த்தவர். கணக்கை மாற்றினால் உடைந்துபோவார். "உன் தகப்பனையும் உன் தாயையும் கனம்பண்ணுவாயாக" என்பதும் கட்டளைதானே? நான் எதைப் பிடிப்பது?

குத்தாலம் விவசாயி

தம்பி, நீ கேட்ட கேள்விதான் இந்த டெல்டாவில் பாதி வீட்டில் கேட்கப்படாத கேள்வி. சிங்கப்பூர், துபாய், திருப்பூர் என்று ஆண்கள் போய்விட, மாமியாரும் மருமகளும் ஒரே சமையலறையில் நிற்கிற வீடுகள் எங்கள் தெருவிலேயே எத்தனை!

இரண்டு வசனம் பாரு. ஆதியாகமம் 2:24, "புருஷன் தன் தகப்பனையும் தன் தாயையும் விட்டு, தன் மனைவியோடே இசைந்திருப்பான்." நம் ஊரில் வீட்டை விட்டுக் கிளம்புகிறவள் பெண். வேதம் விடச் சொல்வது ஆணை. அவள் ஏற்கெனவே எல்லாவற்றையும் விட்டுவிட்டு உன் வீட்டுக்கு வந்துவிட்டாள். நீ இன்னும் விடவில்லை. விடுவது என்றால் அம்மாவைக் கைவிடுவது இல்லை. இயேசு சிலுவையில் தொங்கும்போதும் தாயை யோவானிடம் ஒப்படைத்தார். பெற்றோருக்குச் செய்யவேண்டியதைக் காணிக்கை என்று சொல்லித் தட்டிக்கழித்தவர்களை மாற்கு 7இல் கடுமையாகக் கண்டித்தவரும் அவரே. அம்மாவுக்கு மாதாமாதம் போகவேண்டியது போகத்தான் வேண்டும், ஒரு ரூபாய் குறையக்கூடாது. ஆனால் உன் வீட்டின் நடுவில் இருப்பவள் இனி உன் மனைவி.

இரண்டாவது உபாகமம் 24:5. புதிதாகக் கல்யாணம் செய்தவன் யுத்தத்துக்குப் போகவேண்டாம், ஒரு வருஷம் வீட்டில் இருந்து "தான் விவாகம்பண்ணின ஸ்திரீயைச் சந்தோஷப்படுத்துவானாக" என்று இஸ்ரவேலுக்குச் சட்டமே இருந்தது. யுத்தத்தைவிடப் பெரிய காரணம் ஒரு நாட்டுக்கு உண்டா? அதற்குக்கூடப் புது மனைவியை விட்டு இழுக்காதே என்று சொன்ன தேவன் நம்முடையவர். நீ வேலையை விட்டுவிட்டு வா என்று நான் சொல்லவில்லை, கடன் இருக்கும், எனக்குத் தெரியும். ஆனால் அந்தச் சந்தோஷப்படுத்தும் கடமை கடல் தாண்டினாலும் உன்மேல் இருக்கிறது.

செய்யவேண்டியது என்று நான் நினைப்பது இது. அவள் பேரில் கணக்கு இருந்தால் இந்த மாதமே அவளுக்கு என்று ஒரு தொகையை நேராக அனுப்பு. கணக்குக் கேட்காதே. அம்மாவிடம் இந்தச் செய்தியை நீயே, முதலிலேயே, போனில் சொல். "அவ கேட்டா" என்று ஒரு வார்த்தை வாயில் வரக்கூடாது. "நான் முடிவு பண்ணேன்மா" என்று சொல். இந்த ஒரு வாக்கியத்தில் அவளுக்கு வீட்டில் வரக்கூடிய பாதிச் சண்டை நின்றுபோகும்.

நாகை செவிலி

குத்தாலம் அண்ணன் சொன்னதோடு ஒத்துப்போகிறேன். நான் ஆஸ்பத்திரியில் பார்க்கிற இரண்டு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். இனிப்பான விஷயங்கள் இல்லை.

முதலாவது குழந்தையில்லாத வீடு. கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆனால் போதும், பெண்ணை இழுத்துக்கொண்டு அலைவார்கள். வேளாங்கண்ணியில் மாதா குளத்துக்குப் போகிற மணல்பாதையில் முழங்காலிட்டு நகர்கிற பெண்களைப் பார்த்திருப்பீர்கள். தொட்டில் கட்டுவதும் அவள், ஒருசந்தி நோன்பு இருப்பதும் அவள். அந்த ஜெபத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன், நானும் மாதா பிள்ளைதான். ஆனால் அந்தப் பாதையில் பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு வருகிற கணவரிடம் விந்தணுப் பரிசோதனை செய்தீர்களா என்று கேட்டால் முகம் சிவந்துவிடும். குறை இருவரில் யாரிடமும் இருக்கலாம், இருவரிடமும் இருக்கலாம். ஆணுக்கான பரிசோதனை எளிது, வலியில்லாதது, செலவும் குறைவு. அதனால் அதை முதலிலேயே செய்துவிடவேண்டும். பெண்ணுக்குச் செய்கிற பரிசோதனைகளில் வலி உள்ளதும் உண்டு. தன் சரீரத்தைப்போல அன்புகூரு என்றால், அவள் சரீரத்தைக் குத்துவதற்கு முன்னால் உன் சரீரத்தைக் கொண்டுவந்து காட்டு.

முதலாம் சாமுவேலில் எல்க்கானா என்ற கணவன் வருகிறான். குழந்தையில்லாத அன்னாளுக்கு இரட்டிப்பான பங்கு கொடுத்தான், நேசித்தான், உண்மை. ஆனால் "பத்துக் குமாரரைப்பார்க்கிலும் நான் உனக்கு அதிகமல்லவா" என்று கேட்டபோது அவள் துக்கம் அவனுக்குப் பிடிபடவில்லை. பிற்பாடு அவள் பிள்ளையைப் பற்றி ஒரு முடிவு சொன்னபோது "உன் இஷ்டப்படி செய்" என்றான். அந்த இடத்தில்தான் எனக்கு அவனைப் பிடிக்கும்.

இரண்டாவது அடி. படியில் விழுந்தேன் என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களின் காயம் எங்களுக்குத் தெரியும். இதில் என் மனம் கொதிப்பது ஒன்றுக்காக: சபையில் போய்ச் சொன்னால் "தள்ளிவிடுதலை நான் வெறுக்கிறேன்" என்று விவாகரத்தைக் கண்டிக்கிற மல்கியா வசனத்தைக் காட்டித் திருப்பி அனுப்புகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்த வசனத்தை முழுதாக வாசியுங்கள். மல்கியா 2:14 யாரைப் பார்த்துப் பேசுகிறது? கணவனைப் பார்த்து. அவள் உன் தோழியும் உன் உடன்படிக்கையின் மனைவியுமாயிருக்கிறாளே, அவளுக்குத் துரோகம் பண்ணினாயே என்கிறது. 16ஆம் வசனம் கொடுமையினால் வஸ்திரத்தை மூடுகிறவனைக் கண்டிக்கிறது. அடிபட்டவளைக் கட்டிப்போட அந்த வசனத்தை எடுப்பது தேவனுடைய வார்த்தையைத் தலைகீழாகப் பிடிப்பது.

நம் சட்டமும் வெகுகாலம் தலைகீழாகத்தான் இருந்தது. 1869ஆம் வருஷத்து விவாகரத்துச் சட்டத்தின்படி கிறிஸ்தவக் கணவன் மனைவியின் விபசாரத்தை நிரூபித்தால் போதும். மனைவியோ விபசாரத்தோடு கொடுமையையோ கைவிட்டதையோ சேர்த்து நிரூபிக்கவேண்டும். 2001இல்தான் அதைத் திருத்தினார்கள். 2005இல் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் வந்தது. அதன்படி அடிக்கிறவனை விலக்கிவைக்க உத்தரவு வாங்கலாம், அவள் அந்த வீட்டிலேயே இருக்க உரிமை கேட்கலாம். மாவட்டத்தில் இதற்கென்று பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். 181க்குப் போன் செய்யலாம், இரவிலும் எடுப்பார்கள். போதகர்கள், சாமியார்கள் யாராவது இதை வாசித்தால், அறிவிப்புப் பலகையில் அந்த எண்ணை எழுதி வையுங்கள். அடிபடுகிற பெண்ணை முதலில் பத்திரமான இடத்துக்கு அனுப்புங்கள். ஜெபமும் சமாதானப் பேச்சும் அப்புறம்.

வெண்ணாற்றங்கரை

அக்கா எழுதியதை வாசித்துவிட்டேன். அடிக்கிறவனுக்கு ஆதரவாக வேதத்தில் ஒரு எழுத்துகூட இல்லை, அதில் எனக்கு மறுபேச்சே கிடையாது. வீட்டில் கடைசி முடிவு யாருடையது என்பதில் நான் இன்னும் என் இடத்தில்தான் நிற்கிறேன். ஆனால் அந்த முடிவை எடுப்பதற்கு முன்னால் நகைக் கணக்குபோல நோட்டு வைத்துப் பேசவேண்டும் என்பதை எங்கள் வீட்டில் ஆரம்பிக்கிறேன்.

கும்பகோணம் வெற்றிலை

நான் கிறிஸ்தவள் இல்லை. பக்கத்து வீட்டு அக்கா அனுப்பி வாசித்தேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், என் வீட்டுக்காரர் இந்த வசனம் எதுவும் தெரியாமலே என்னை நன்றாகப் பார்த்துக்கொள்கிறார். பிரசவத்துக்கு லீவு போட்டு வந்து துணி துவைத்தவர். விசுவாசம் இதில் என்ன கூடுதலாகக் கொடுக்கிறது என்று நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

குத்தாலம் விவசாயி

தப்பாக எடுக்க ஒன்றுமே இல்லைம்மா. நல்ல புருஷன் எங்கள் சபையில் மட்டும் பிறப்பதில்லை. உங்கள் வீட்டுக்காரரைப் போன்றவர்களைப் பார்த்து நாங்கள் கற்கவேண்டியதுதான்.

எனக்கு விசுவாசம் கொடுப்பதைச் சொல்கிறேன். மனைவியிடம் அன்பாக இருப்பது என் நல்ல குணத்தைப் பொறுத்து இருந்தால், விளைச்சல் நன்றாக இருக்கிற வருஷம் இருப்பேன், மழையில் நெல் சாய்ந்த வருஷம் இருக்கமாட்டேன். கஜா புயலுக்கு அப்புறம் இந்தப் பக்கம் எத்தனை வீட்டில் ஆண்களின் ஆத்திரம் பெண்கள்மேல் இறங்கியது என்று எல்லாருக்கும் தெரியும். கிறிஸ்து சபையை நேசித்தது அது நல்ல சபையாக இருந்ததால் இல்லை. முந்தி அவர் நேசித்தார். அதனால் அவள் எனக்கு என்ன செய்தாள் என்று பார்த்துத் திருப்பிச் செய்கிற கணக்கு எனக்கு மூடப்பட்டுவிட்டது.

இன்னொன்று, எனக்கு மேலே கேட்க ஒருவர் இருக்கிறார். 1 பேதுரு 3:7 முடிகிற இடத்தில் "உங்கள் ஜெபங்களுக்குத் தடைவராதபடிக்கு" என்று ஒரு காரணம் சொல்லியிருக்கிறது. மனைவிக்குச் செய்யவேண்டிய கனத்தைச் செய்யாதவனுடைய ஜெபம் தடைபடும். சாயங்காலம் அவளிடம் எரிந்து விழுந்துவிட்டு, ராத்திரி முழங்கால் போட்டு மழைக்கு ஜெபிக்க எனக்கு வழியில்லை. முதலில் சமையலறைக்குப் போய்விட்டுத்தான் ஜெபத்துக்கு வரவேண்டும். எந்தப் பெரியவரும் பார்க்காத இடத்தில் என்னை நிறுத்துகிறது அது.

கும்பகோணம் வெற்றிலை

புரிகிறது. நன்றி அண்ணா.

சிங்கப்பூர் மன்னார்குடி

அண்ணே, ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் பேசினேன். நீங்கள் சொன்னபடி நானே முடிவு பண்ணேன் என்றுதான் சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "எனக்கு உங்கப்பா ஒரு நாளும் தனியா காசு குடுத்ததில்லை" என்றார்கள். அழுதார்கள் என்று நினைக்கிறேன். வருத்தமா, வேறு ஏதாவதா என்று எனக்குத் தெரியவில்லை. மனைவிக்குப் பணம் அனுப்பிவிட்டேன். அவள் கேட்ட முதல் கேள்வி, "அத்தைக்கு நீங்களே சொன்னீங்களா?" என்பதுதான்.

பூண்டி டீச்சர்

தம்பி, அம்மாவுக்கும் தனியாக, வீட்டுச் செலவு போக, அவர் கைச்செலவுக்கு என்று ஒரு தொகை அனுப்பு. அவர் சொன்னதற்கு அதுதான் அர்த்தம் என்று எனக்குத் தோன்றுகிறது.

குத்தாலம் விவசாயி

டீச்சர் சொன்னதைச் செய் தம்பி.

எங்கள் சபையில் போதகர் ஐயரிடம் பேசிவிட்டேன். தண்ணீர் திறப்பதற்கு முன்னால், நகை பீரோவை விட்டுக் கிளம்புவதற்கு முன்னால், ஆண்கள் ஐக்கியத்தில் எபேசியர் 5:25 முதல் 33 வரை மட்டும் எடுத்து ஒரு கூடுகை வைக்கிறோம். 22ஐ அன்றைக்கு எடுப்பதில்லை என்று முடிவு. கல்யாணம் ஆகப்போகிற பையன்களும் வரவேண்டும். செவிலி அக்கா சொன்ன எண்ணைப் பலகையில் எழுதச் சொல்லியிருக்கிறேன். பெண்கள் ஏதாவது கேள்வி கேட்கவேண்டும் என்றால் இங்கே எழுதுங்கள், பேர் சொல்லாமல் வாசிக்கிறேன்.

வடவாறு

ஒரு கேள்வி: மனைவிக்கு உடம்பு சரியில்லை என்றால் நீங்கள் முதலில் கேட்பது "என்ன செய்யுது?" என்பதா, "அப்ப சமையல்?" என்பதா? அவரவர் பதிலை வீட்டில் மனைவியிடமே கேட்டு எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கள்.

இன்னொன்று. கூடுகைக்கு டீ போடப் பெண்கள் ஐக்கியத்தைக் கூப்பிடாதீர்கள்.

குத்தாலம் விவசாயி

இரண்டையும் குறித்துக்கொண்டேன்மா. டீ நாங்களே போடுகிறோம். பாத்திரமும் நாங்களே கழுவிவைத்துவிட்டுக் கிளம்புவோம்.